வயசு என்ன தம்பி?

மதுக்கடையில் என்னிடம் வயதுக்குச் சான்று கேட்டார்கள் என்று சொன்னால் முதலில் எல்லோரும் சிரிக்கிறார்கள். அப்புறம் எனக்காகக் கோபப்படுகிறார்கள். "முப்பத்திமூணு வயசு ஆளுகிட்ட ஆதார் கேட்டானா? நீ எதுக்கு மாப்ள காட்டுன? நல்லா ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வந்திருக்கணும்" என்றார் அத்தான். அலுவலகத்தில் ஒருவர், தன்னிடம் அப்படிக் கேட்டிருந்தால் பாட்டிலே வேண்டாம் என்று திரும்பி வந்திருப்பேன் என்றார். எல்லோரும் என் பக்கம் நிற்பதாக நினைத்துத்தான் பேசுகிறார்கள். எனக்கோ, அன்றைக்குக் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்ற மனிதரிடம்தான் நியாயம் இருந்ததாகப் படுகிறது. நாளாக ஆக அந்த எண்ணம் வலுக்கிறதே தவிர குறையவில்லை. பேச்சில் இதை இரண்டு வரியில் சொன்னால் யாருக்கும் ஏறவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்குக் குடிப் பழக்கம் கிடையாது. கடைக்குப் போனது ஊர்க் கொடைக்காக, அதாவது எங்கள் சாமிக்கு எடுக்கும் திருவிழாவுக்காக. எங்கள் ஊர் களக்காடு பக்கம். சுடலைமாடனுக்கு நள்ளிரவுப் படையலான படப்பில் என்னவெல்லாம் வைப்பார்கள் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சுருட்டும் பாட்டிலும் இல்லாமல் படப்பு நிறையாது. பாட்டில் வாங்கிக் கொடுப்பது தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டுப் பொறுப்பு. அப்பாதான் வாங்கிவருவார். இந்த வருஷம் அவருக்கு முட்டுவலி. கியூவில் நிற்க முடியாது என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டார். நான் பாளையங்கோட்டையில் வேலை பார்க்கிறேன். ஒரு சாயங்காலம் வேலை முடிந்ததும் நகரத்தில் ஒரு கடைக்குப் போனேன்.

நல்ல கூட்டம். என் முறை வந்தபோது உள்ளே இருந்த சேல்ஸ்மேன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டியவர். "வயசு என்ன தம்பி?" என்றார். சொன்னேன். "ஆதார் வச்சிருக்கீங்களா? லைசென்ஸ்னாலும் சரி." குரலில் அதட்டலும் இல்லை, கிண்டலும் இல்லை. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் எடுத்தாச்சா என்று கேட்பாரே, அந்த மாதிரி சாதாரணமாகக் கேட்டார். நான் ஒல்லியான உடம்புக்காரன். அன்றைக்கு முகமும் மழித்திருந்தேன். இருந்தாலும் எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. அதற்குள் பின்னால் நின்றவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "ஆளப் பாத்தாத் தெரியலயாவே? குடுத்து அனுப்பும். பின்னால எத்தன பேரு நிக்கோம்!" என்று ஒரு சத்தம். தோளில் துண்டு போட்ட ஒரு பெரியவர் முன்னால் எட்டிப் பார்த்து என்னிடமே கேட்டார்: "ஏய்யா, தொண்ணூத்திரண்டு வெள்ளத்துல நீ பொறந்துட்டியா?" "அம்மா வயித்துல இருந்தேன் தாத்தா" என்றேன். அவர் சேல்ஸ்மேன் பக்கம் திரும்பி, "கணக்கு சரியா வருதுவே. குடும்" என்றார். சேல்ஸ்மேனும் சிரித்தார். ஆனால் நீட்டிய கையை மடக்கவில்லை. "வெள்ளம் சரிதான் அண்ணாச்சி. எனக்கு அட்டை வேணும்லா."

லைசென்ஸை எடுத்துக் காட்டினேன். பிறந்த தேதியை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். பாட்டிலின் மேல் இருந்த குறியீட்டை ஸ்கேன் செய்து, பில்லோடு கையில் கொடுத்தார்.

அந்த வெள்ளக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 1992 நவம்பர் 13-ல் தாமிரபரணியில் வந்த வெள்ளம்தான் எங்கள் தலைமுறைக்குப் பஞ்சாங்கம். வெள்ளத்துக்கு முன்னால் பிறந்தவன், வெள்ளத்தில் கைப்பிள்ளையாக இருந்தவன், வெள்ளம் வடிந்த பிறகு வந்தவன் என்றுதான் ஊரில் வயது சொல்வார்கள். அம்மா கணக்குப்படி நான் மார்கழியில் பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது ஐந்து வயது நிறைய வேண்டும் என்பதால் தலைமையாசிரியர் தேதியை ஆறு மாதம் முன்னால் தள்ளி ஜூன் மாதமாக எழுதிவிட்டார். தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொட்டுக் காட்டியதும் அவருக்குத் திருப்தியாகிவிட்டது. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு மே, ஜூன் பிறந்தநாள்தான். அட்டையில் இருக்கும் வயது எத்தனை கெட்டியானது என்று எனக்கு நன்றாகத் தெரியும். 2024-ல் உச்ச நீதிமன்றமும் ஆதாரைப் பிறந்த தேதிக்கு உரிய சான்றாகக் கொள்ள முடியாது, பள்ளி மாற்றுச் சான்றிதழ்தான் கணக்கு என்றது. அந்தச் சான்றிதழில் இருப்பது எங்கள் தலைமையாசிரியர் எழுதிய தேதி. எல்லாம் தெரிந்தும், அந்த மனிதர் அட்டைதான் வேண்டும் என்று நின்றது சரி என்றே நினைக்கிறேன். ஆறு மாதம் முன்னேபின்னே இருந்தாலும் அட்டை ஆளைப் பார்த்து மாறாது. முகத்தை வைத்து வயது சொல்வதில் அப்படி ஒரு நிச்சயம் கிடையாது. தாடி வைத்த பதினெட்டும் மழித்த முப்பதும் கடை விளக்கு வெளிச்சத்தில் ஒன்று போலத்தான் தெரியும்.

ஆனால் அந்த நேரத்தில் எனக்கு முகம் சுட்டது உண்மை. ஏன் சுட்டது என்று பிறகு யோசித்தேன். கேஸ் இணைப்புக்கு அட்டை காட்டுகிறோம். சிம் கார்டுக்குக் காட்டுகிறோம். ரயிலில் பரிசோதகர் கேட்டால் எடுத்து நீட்டுகிறோம். அங்கெல்லாம் யாருக்கும் ரோஷம் வருவதில்லை. எல்லோரிடமும் கேட்கிறார்கள், என்னிடமும் கேட்கிறார்கள், அவ்வளவுதான். மதுக்கடை வரிசையில் என் ஒருவனிடம் மட்டும் கேட்டதால்தான் அது என் சொல்லைச் சந்தேகப்பட்டது போல இருந்தது. எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோருமே நரைத்தவர்கள் என்பது அப்போது மனதில் ஏறவில்லை.

வாசலில் நின்ற பையன்

வெளியே வந்து வண்டியை எடுக்கப் போனபோது ஒரு பையன் பக்கத்தில் வந்தான். பதினாறு, பதினேழு இருக்கும். மீசை இப்போதுதான் அரும்புகிறது. "அண்ணே, ஒங்ககிட்டயும் கேட்டாருல்லா?" என்றான். ஆமாம் என்றேன். "என்கிட்டயும் கேட்டாருண்ணே. கார்டு வீட்ல இருக்கு. ஒங்களுக்குத்தான் குடுத்துட்டாங்கல்லா, எனக்கு ஒரு பீரு மட்டும் வாங்கித் தாங்கண்ணே. காசு இந்தா இருக்கு." நூறு ரூபாய் நோட்டுகளைச் சுருட்டிக் கைக்குள் வைத்திருந்தான்.

இந்தப் பேச்சில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. என்னையும் அவனையும் ஒரே பக்கத்தில் நிறுத்திவிட்டான். இரண்டு பேரையும் ஒரே ஆள் அவமானப்படுத்தியது போலவும், அதில் ஒருத்தன் தப்பித்துவிட்டதால் இன்னொருத்தனுக்குக் கைகொடுக்க வேண்டியது கடமை போலவும் ஆக்கினான். முகம் சுட்டு அடங்காமல் இருந்த அந்த நேரத்தில் அது என்னைத் தொட்டது என்பதை மறைக்கவில்லை. இருந்தாலும் முடியாது என்று சொன்னேன். "எந்த ஸ்கூல்ல படிக்க?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் நகர்ந்துவிட்டான்.

நான் கிளம்பவில்லை. வண்டியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து வந்தவர் கையை ஆட்டி விரட்டினார். அதற்கடுத்து வந்தவர் பையனைப் பார்த்தார், கடையைப் பார்த்தார், என்ன நினைத்தாரோ, ஒன்றும் சொல்லாமல் நடந்தார். அப்புறம் ஒருவர். தோளில் அலுவலகப் பை, கழுத்தில் அடையாள அட்டை. பார்த்தால் நல்ல வேலையில் இருக்கும் ஆள். பையன் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஒரு சிரிப்புச் சிரித்து, காசை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். தனக்கு வாங்கியதோடு சேர்த்து அதையும் வாங்கி வந்து கொடுத்தார். பையனின் தலையை லேசாகத் தட்டிவிட்டுப் போனார். அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. சின்ன வயதில் தனக்கும் யாரோ இப்படி வாங்கிக் கொடுத்திருப்பார்கள். அந்த நன்றியில் செய்திருப்பார். எனக்குத்தான் அந்தத் தட்டலை மறக்க முடியவில்லை. வீட்டில் ஒரு மாமாவோ சித்தப்பாவோ தட்டுவது போல அத்தனை பிரியமாக இருந்தது அது.

18 வயது நிறையாத ஒருவருக்கு மதுவைக் கொடுப்பது 2015-ன் இளைஞர் நீதிச் சட்டப்படி பெரிய குற்றம். 77-வது பிரிவு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. கடைக்காரருக்கு மட்டுமான சட்டம் இல்லை அது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் ஒழிய, கொடுக்கும் யாருக்கும் பொருந்தும். தலையைத் தட்டிவிட்டுப் போனவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அந்தச் சாலையில் நின்ற யாருக்கும் தெரிந்திருக்காது.

அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒரே கேள்வி. இப்படி வாசலிலேயே வேலை முடிந்துவிடும் என்றால், உள்ளே அட்டை கேட்டு என்ன பிரயோஜனம்? என்னை நிறுத்தி, வரிசையை நிறுத்தி, அந்தப் பெரியவரிடம் வெள்ளக் கணக்கெல்லாம் கேட்டு, கடைசியில் பையன் கையில் பாட்டில் போய்விட்டதே.

அதற்குப் பதில் கொஞ்ச நாள் கழித்து அந்த சேல்ஸ்மேனிடமிருந்தே கிடைத்தது. கடை மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும். அதற்கு முன்னால் அதே சாலையில் ஒரு டீக்கடையில் அவரைப் பார்த்தேன். நான்தான் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். அவருக்கு என்னை ஞாபகம் இருந்தது. "வெள்ளத்துத் தம்பிதான?" என்றார். வாசலில் பார்த்ததைச் சொன்னேன். அவருக்கு அது புதுச் செய்தி இல்லை.

"தெரியும் தம்பி. நான் இல்லேன்னு அனுப்புத பயக்க எல்லாம் வெளிய நின்னு யாரையாவது புடிச்சு வாங்கிருவானுவ. இருந்தாலும் கேப்பேன். எதுக்குன்னு சொல்லுதேன். நான் கேக்கலேன்னு வைங்க, அவன் நேரா வருவான், காசக் குடுப்பான், வாங்கிட்டுப் போயிருவான். ஒரு பெரியாளு மூஞ்சியப் பாக்க வேண்டிய வேலையே இல்ல. நான் கேட்டுட்டேன்னா வெளிய போயி யாருட்டயாவது வாயத் தொறந்து கேக்கணும். பத்து ஆளுல ரெண்டு ஆளாவது முடியாதும்பான். ஒருத்தன் எந்த ஊருல நீன்னு கேப்பான். ஒருத்தன் அவங்கப்பாவுக்குத் தெரிஞ்சவனா இருப்பான். அதையெல்லாம் தாண்டி வாங்குனான்னா வாங்கட்டும். சும்மா வாங்கல பாருங்க."

எந்த ஸ்கூல் என்று நான் அந்தப் பையனிடம் கேட்டேனே, அதைத்தான் அவர் சொல்கிறார் என்று எனக்கு உறைத்தது. அட்டை கேட்பதால் பையனைத் தடுத்துவிடலாம் என்று அவர் நம்பவே இல்லை. அவனுக்கும் பாட்டிலுக்கும் நடுவில் ஒரு பெரிய மனிதரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். அதற்கப்புறம் அந்தப் பெரிய மனிதர் பாடு. அவர் வேலை அதோடு முடிகிறது, நம் வேலை அங்கே தொடங்குகிறது.

இன்னொன்றும் சொன்னார். "சின்னப் பயக்களால தொந்தரவே இல்ல. இல்லேன்னா போயிருவானுவ. பெரியாளுககிட்ட கேட்டாத்தான் சண்ட. போன மாசம் ஒருத்தர், கல்யாணமாகி ரெண்டு புள்ள இருக்காம், என்கிட்டயா வயசு கேக்கன்னு கம்பியப் புடிச்சு ஆட்டுதாரு. பத்து நாளு இப்படி ஆச்சுன்னா யாருக்குக் கேக்கத் தோணும், சொல்லுங்க?"

அத்தானிடம் நான் சொல்ல முயல்வது இதைத்தான். ரெண்டு வார்த்தை கேட்டிருக்கணும் என்கிறாரே, அந்த ரெண்டு வார்த்தையை யாராவது ஒருவர் தினமும் அங்கே கேட்கிறார்கள். அப்படிக் கேட்கக் கேட்க, உள்ளே இருப்பவர் ஒருநாள் விட்டுவிடுவார். முப்பது வயதுக்காரனிடம் கேட்பதை நிறுத்துவார். அப்புறம் இருபத்தைந்து. அப்புறம் அந்த வாசல் பையனிடமும் கேட்க வாய் வராது. சட்டத்தை மீறுவது பையன்கள்தான் என்றாலும், அந்தச் சட்டத்தைப் பேச்சுமூச்சில்லாமல் ஆக்குவது என் வயதுக்காரர்களின் ரோஷம்.

எல்லோரிடமும் கேட்ட காலம்

தமிழ்நாட்டில் 2003 நவம்பர் 29-லிருந்து சில்லறை மது விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில் இருக்கிறது. 21 வயது நிறையாதவருக்கு விற்கக்கூடாது என்று அந்த ஆண்டு வந்த விதிகளே சொல்கின்றன. கடைகளில் அறிவிப்பும் இருக்கிறது. ஆனால் வயதுச் சான்று என்பது நம் ஊர் மதுக்கடைக்குப் பழக்கமில்லாத விஷயம் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அது ஏற்பாக இல்லை. 2020 மே 7-ஐ மறந்துவிட்டார்களா? ஊரடங்கில் மூடியிருந்த கடைகளைத் திறந்த அன்றைக்கு வயதை வைத்துத்தான் நேரம் ஒதுக்கினார்கள். 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காலை 10 முதல் 1 மணி. 40 முதல் 50 வரை உள்ளவர்களுக்கு 1 முதல் 3. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு 3 முதல் 5. பல மாவட்டங்களில் ஆதாரோடு வரச் சொன்னார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சட்டைப் பையில் அட்டை வெளியே தெரிய வெயிலில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். நாற்பத்தெட்டு வயதுக்காரர், ஐம்பது ஆகவில்லையே என்று வருத்தப்பட்டாரே தவிர, என்னிடமா வயது கேட்கிறாய் என்று யாரிடமும் பாயவில்லை. மறுநாளே இடைவெளி கடைப்பிடிக்கவில்லை என்று உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொன்னதும், ஒரு வாரத்தில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்ததும் தனிக் கதை. எனக்கு முக்கியம் அந்த வரிசை. எல்லோரிடமும் கேட்டதால் யாருக்கும் அவமானமாக இல்லை.

என் சித்தி மகள் இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறாள். இருபத்தொன்பது வயது. சூப்பர் மார்க்கெட்டில் ஒயின் பாட்டிலைக் கூடையில் வைத்தால் அவளிடம் அட்டை கேட்கிறார்கள். அங்கே வாங்கும் வயது 18. ஆனால் 25 வயதுக்குக் குறைவாகத் தெரியும் யாரிடமும் கேட்க வேண்டும் என்பது வழக்கம். சேலஞ்ச் 25 என்று கடைகளில் எழுதியே ஒட்டியிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் 2011 அக்டோபரிலிருந்து அது சட்டமே ஆகிவிட்டது. இந்த ஏழு வருஷ இடைவெளி எதற்கு என்று முதலில் எனக்குப் புரியவில்லை. டீக்கடைப் பேச்சுக்கு அப்புறம்தான் அதன் அருமை தெரிந்தது. விற்பவர் இவனுக்குப் பதினேழா, பத்தொன்பதா என்று எடை போட வேண்டியதில்லை. அந்தக் கணக்கு எந்த மனிதருக்கும் தப்பும். இளமையாகத் தெரிகிறாரா என்று மட்டும் பார்த்தால் போதும், கேட்டுவிடலாம். வாங்குபவரும் அதைத் தன் மேலான சந்தேகமாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஏழு வருஷத்தையும் சேர்த்துக் கேட்பது விற்பவரைக் காப்பாற்றுவதற்காக. நம் ஊரில் 21 என்றால், 30 வரை இளமையாகத் தெரியும் எல்லோரிடமும் கேட்க வேண்டும் என்று எழுதி ஒட்டட்டும். என்னிடம் கேட்ட மனிதர் தன் சொந்தப் பொறுப்பில், தன் சொந்தத் தைரியத்தில் கேட்டார். அந்த பாரத்தை அவர் ஒருவர் தோளில் விடுவது சரியில்லை. பலகையில் எழுதி இருந்தால், "எழுதியிருக்குல்லா அண்ணாச்சி" என்று அவர் விரலைக் காட்டிவிட்டுப் போவார்.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. இப்போது பாட்டிலுக்குப் பாட்டில் குறியீடு இருக்கிறது, ஸ்கேன் செய்தால் எங்கே தயாரானது, எந்தக் கடைக்கு வந்தது என்று தெரிகிறது. நீலகிரியில் 2022-ல் தொடங்கிய திட்டத்தில், காலிப் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தால் 10 ரூபாய் தருகிறார்கள், காட்டில் கண்ணாடிச் சில்லு கிடக்கக்கூடாது என்பதற்காக. நல்ல காரியம். யானையின் காலைக் காப்பாற்ற இத்தனை ஏற்பாடு செய்ய முடிந்தால், 2024-25-ல் 48,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் கொடுத்த இந்த வியாபாரத்தில், வாங்குபவரின் பிறந்த தேதியை ஒருமுறை பார்ப்பதற்கும் ஏற்பாடு செய்யலாம்.

பார்ப்பது மட்டும் போதும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம்பரை எழுதி வைப்பது, நகல் வாங்குவது எல்லாம் கூடாது. யார் எத்தனை பாட்டில் வாங்கினார் என்ற பட்டியல் அரசாங்கத்திடம் இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. என் லைசென்ஸைப் பார்த்தவர் பார்த்த கையோடு திருப்பித் தந்தார். அந்த அளவே நியாயமான அளவு.

21 என்பது என்ன கணக்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஓட்டுப் போட 18 போதும், வண்டி ஓட்ட 18 போதும், இதற்கு மட்டும் ஏன் 21? புதுச்சேரியில் 18, டெல்லியில் 25. கேரளாவில் 2017-ல் 21-ஐ 23 ஆக்கினார்கள். செங்கோட்டையிலிருந்து புளியரை தாண்டி ஆரியங்காவு போனால், இங்கே வாங்க முடிகிற 22 வயதுக்காரன் அங்கே வாங்க முடியாதவன் ஆகிவிடுகிறான். அந்தச் செங்கோட்டையே 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததுதான். கோடு எங்கே போடுவது என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. பதினாறு வயதுப் பையனுக்குக் கிடைக்கக்கூடாது என்பதில் எந்த மாநிலத்துக்கும் சண்டை இல்லையே, அதை வைத்துத் தொடங்கலாம்.

கள்ளச் சந்தையில் கூடுதல் காசு வாங்கிக்கொண்டு விற்பவர் அட்டையா கேட்கப் போகிறார் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்க மாட்டார். அது போலீஸின் வேலை. நான் பேசுவது பகலில், பில் போட்டு, வரிசையில் நின்று வாங்கும் இடத்தைப் பற்றி.

படப்பு முடிந்த பிறகு

இதெல்லாம் கடையோடு முடிகிற விஷயம் இல்லை என்பது கொடை ராத்திரியிலேயே தெரிந்தது. நம் பக்கத்துப் பையன்கள் பலர் முதல் மிடறு குடிப்பது கடை வாசலில் இல்லை, கொடையிலும் கல்யாண வீட்டு மாடியிலும்தான். பீடிக்கும் அப்படித்தான் இருந்தது. தாத்தாவுக்குப் பீடி வாங்கிட்டு வாலே என்று பெட்டிக்கடைக்கு ஓடாத பிள்ளை எங்கள் தெருவில் இல்லை. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது என்று 2003-ல் மத்திய அரசின் சட்டம் வந்தது. சந்தேகம் இருந்தால் கடைக்காரர் வயதுச் சான்று கேட்கலாம் என்று விதியே இருக்கிறது. ஊருக்கு ஊர் பீடி சுற்றும் இந்த மாவட்டத்தில் எந்தப் பெட்டிக்கடையிலும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

கொடையில் படப்பு முடிந்து, சாமியாடும் கோமரத்தாடி வேட்டைக்குப் போய்த் திரும்பி, மேளம் அடங்கிய நேரம். நான் வாங்கிவந்த பாட்டில் கோயிலுக்குப் பின்னால் பெரியவர்கள் கைக்குப் போனது. சுற்றி பையன்கள். எங்கள் மாமா ஒருவர் பேப்பர் கப்பில் கொஞ்சம் ஊற்றிப் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையனிடம் நீட்டினார். "சாமி சாப்பிட்டது, ஒண்ணும் செய்யாதுல" என்றார். நான் குறுக்கே கையை நீட்டி அந்தக் கப்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டேன். மாமா அன்றைக்கு என்னோடு பேசவில்லை. பையனும் முறைத்துக்கொண்டு போனான். எனக்கு அப்போது வாசலில் தலையைத் தட்டிய அந்த மனிதர்தான் கண்ணுக்குள் நின்றார். அதே பிரியம்தான் மாமாவின் கையிலும் இருந்தது.

கொடைக் கணக்கு முடிக்க ஊர்க்கூட்டம் போட்டார்கள். தலைக்கட்டு வரி, வில்லுப்பாட்டுக்காரர் பாக்கி, பந்தல் செலவு எல்லாம் வாசித்து முடித்ததும் நான் எழுந்து, அடுத்த கொடையில் படப்புப் பாட்டில் 21 வயது ஆகாதவர் கைக்குப் போகக்கூடாது என்று கூட்டத்தில் எழுத வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் சத்தம். "சாமி பிரசாதத்துக்கு ரேஷன் கார்டு கேப்பியா?" என்று ஒருவர். "நாம எல்லாம் இப்படித்தான் வளந்தோம், கெட்டாபோயிட்டோம்?" என்று இன்னொருவர். அந்தக் கேள்விக்குக் கூட்டத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. குடித்தே போய்ச் சேர்ந்தவர்களின் அண்ணன் தம்பிகள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். தர்மகர்த்தா எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே பேனாவை மூடப் போனார்.

அப்போது அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார். "நீரு எழுதும், எழுதாமப் போம். பாட்டில் வாங்குதது எங்க வீடு. அடுத்த வருஷம் கோமரத்தாடி கையில குடுக்கையிலேயே, யாருக்கு ஊத்தணும், யாருக்கு ஊத்தக் கூடாதுன்னு சொல்லித்தான் குடுப்போம். இதுக்கு ஒத்துக்கிட்டா வாங்கித் தாரோம். இல்லேன்னா வேற வீட்டப் பாருங்க."

தர்மகர்த்தா பேனாவைத் திறந்து எழுதினார்.